ஏழாம் படியின் நல்லடக்கம்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் வெள்ளாற்று அணுக்கரு உயராய்வு நிலையம் இருக்கிறது. பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். மஞ்சள் அடித்த ஒரு மாடிக் கட்டடம், சுற்றிலும் கருவேலம், வாசலில் எப்போதும் படுத்திருக்கும் இரண்டு ஆடுகள், அவ்வளவுதான். ஆனால் அதன் படிக்கட்டு அப்படிப்பட்டதல்ல. அதில் ஒருமுறை ஏறியவர் மறந்தாலும் அவருடைய முழங்கால் மறக்காது.

நிலையத்தின் இயக்குநர் முனைவர் சுப்பராயலு முப்பது ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த சுழற்சிப் பட்டையின் கருங்கல் வடிவம் அது. கனமான அணுக்கரு ஒன்று வேகமாகச் சுழன்றுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அடங்கும்போது படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு காமாக் கதிரை உதறிவிட்டு இறங்கும். ஏணிபோல் அடுக்கிய இந்த நிலைகளுக்குத்தான் சுழற்சிப் பட்டை என்று பெயர். மேலே போகப் போகப் படிகளுக்கு நடுவே இடைவெளி கூடும் என்பது இயற்கையின் ஏற்பாடு. ஆகவே நிலையத்தின் படிகளும் மேலே போகப் போக உயரம் கூடின. முதல் படி ஒரு சாண். கடைசிப் படி இடுப்பளவு. இயக்குநரின் அறை மாடியில்.

அடிப்படியில் ஏழு என்று செதுக்கியிருந்தது. அதற்கு மேல் எட்டு, ஒன்பது என்று வரிசையாகப் போனது. அந்த எண்கள் அணுக்கரு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைக் காட்டுபவை; இத்துறையில் ஸ்பின் என்பார்கள். லிஃப்ட் வைக்கலாமே என்று யாரோ ஒரு தணிக்கைக்காரர் கேட்டதற்கு சுப்பராயலு, "அணுக்கருவுக்குள்ள லிஃப்ட் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார். தணிக்கைக்காரருக்கு அது தெரியவில்லை. ஆண்டுதோறும் பட்டை நாள் கொண்டாடினார்கள். அன்று இயக்குநரை மாடியிலிருந்து படிப்படியாக இரண்டு பேர் இறக்குவார்கள். படிக்கு ஒரு பேராசிரியர் நின்று, அவர் கால் வைக்கும்போது டார்ச் லைட்டை ஒருமுறை மின்ன விடுவார். அதுதான் காமாக் கதிர். கீழே வந்ததும் பொன்னாடை.

இந்த நிலையத்தில்தான் பெலிசியா ஆறு வருடமாக ஆராய்ச்சி மாணவி. கடலூர் முதுநகர்ப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். அவளுடைய அம்மா ஜெயமேரி செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் கேண்டீனில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகள் என்ன படிக்கிறாள் என்று பங்குக் கோயிலில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஒருநாள் அவளையே கேட்டுவிட்டாள்.

"அப்புடி என்னாடி அதுல ஆராய்ச்சி?"

"கல்யாண மண்டபத்துல எல்லாரும் ஜோடி ஜோடியா ஒக்காந்துட்டாங்கன்னு வெச்சிக்கோம்மா. கடைசியில மாப்ள வீட்டுப் பக்கம் ஒருத்தன், பொண்ணு வீட்டுப் பக்கம் ஒருத்தி, ஜோடியில்லாம நிக்கிறாங்க. அப்பறம் மண்டபத்துல யாரப் பத்திப் பேச்சு ஓடும்?"

"அவுங்க ரெண்டு பேரப் பத்திதான்."

"அதேதான். புரோட்டான்ல ஒண்ணு, நியூட்ரான்ல ஒண்ணு மிஞ்சிப் போச்சின்னா அதுக்கு ஒற்றை-ஒற்றை அணுக்கருன்னு பேரு. மொத்த கருவும் எப்புடி சுத்தறதுன்னு அந்த ரெண்டும்தான் முடிவு பண்ணும். அதத்தான் பாக்குறேன்."

ஜெயமேரி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தொரு வயதுப் பெண், ஜோடியில்லாமல் நிற்பவற்றைப் பற்றியே வருடக்கணக்காக ஆராய்வது அவளுக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை. ஆனால் சொல்லவில்லை. பட்டம் வாங்கினால் கடலூரிலேயே ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். டிசம்பருக்குள் வாய்மொழித் தேர்வு முடியவில்லை என்றால் பதிவு தானாக ரத்தாகிவிடும். பட்டமும் இல்லை, வேலையும் இல்லை, போன வருடங்களும் போனவைதான். இது தாய்க்கும் மகளுக்கும் நன்றாகத் தெரியும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அந்தச் சின்னக் கோடு கண்ணில் பட்டது.

விஷயம் இதுதான். காமாக் கதிர்களை அளந்தால் படிக்குப் படி எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடும். ஆனால் அடிப்படி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று அதிலிருந்து தெரியாது. அடிப்படியிலிருந்து, ஏற்கெனவே எண் தெரிந்த வேறொரு நிலைக்கு இறங்கும் கதிர் ஒன்று அகப்பட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் சுப்பராயலுவுக்கு அது அகப்படவில்லை. ஏழாக இருக்கலாம் என்று எண்ணி, ஏழை அடைப்புக்குறிக்குள் எழுதினார். ஊகமாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது இத்துறையின் நாகரிகம். கல்லில் செதுக்கும்போது பார்க்க அழகாக இல்லை என்று அடைப்புக்குறியை விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஏழு உறுதியாயிற்று.

கதிர்களை அளக்கும் கருவியின் பதிவில் பெலிசியா கண்ட கோடு அந்த அகப்படாத கதிர். மிகவும் மெலிந்தது. பல மாதங்கள் தட்டிப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள், போகவில்லை. அது சொன்ன கணக்குப்படி அடிப்படி ஏழு அல்ல, எட்டு. ஒரு எண்தானே என்று தோன்றும். ஆனால் இந்தப் பட்டையில் இரட்டைப்படை எண்கள் ஒரு குடும்பம், ஒற்றைப்படை எண்கள் ஒரு குடும்பம். கோட்பாட்டின்படி இரட்டைக் குடும்பம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். சுப்பராயலுவின் பட்டையில் ஒற்றைக் குடும்பம் தாழ்ந்திருந்தது. இயற்கையே தலைகீழாக நடக்கிறது என்று அவர் உலகுக்கு அறிவித்தார். 'சுப்பராயலு தலைகீழ்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். எல்லா எண்ணும் ஒன்று கூடினால் ஒற்றை இரட்டையாகிவிடும். தலைகீழ் நேராகிவிடும். கோட்பாடு சொன்னபடியே அணுக்கரு சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றாகிவிடும். அப்புறம் சுப்பராயலு கண்டுபிடித்தது என்று ஒன்றும் மிச்சமிருக்காது.

பெலிசியா இதைத் தன் நெறியாளர் பேராசிரியர் ஞானசேகரனிடம் சொன்னாள். அவர் சுப்பராயலுவின் முதல் மாணவர். கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். செல்போனை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

"எட்டா?"

"எட்டுங்க சார்."

"கொஞ்சம் கொறைச்சி, ஏழே முக்கால்னு எதுனா வருமா?"

"ஒற்றை-ஒற்றையில முழு எண்தாங்க சார் வரும்."

"அது எனக்குத் தெரியும். வேற வழி இருக்கான்னு கேக்குறேன்." ஞானசேகரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தை மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேம்மா. டைரக்டர்தான் தாலி எடுத்துக் குடுக்குறாரு. நீ பாட்டுக்கு எட்டுன்னு வந்து நிக்கிற."

"கோடு அங்க இருக்குதே சார்."

"இருக்கட்டும். அத ஒரு அடிக்குறிப்புல போடு. நான் எட்டுன்னு சொல்றேன்னு போடாத. கதிர் அப்புடிச் சொல்லுதுன்னு போடு. பழி கதிர் மேல போவட்டும்."

அடிக்குறிப்பில் அடங்குகிற விஷயமா அது? ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் துறையின் முன்னால் பேச வேண்டும் என்று ஒரு சடங்கு உண்டு. பெலிசியா மாடிக்குப் போனாள். கடைசிப் படியில் வழக்கம்போல் இரண்டு பேர் கை கொடுத்து மேலே இழுத்துக்கொண்டார்கள். கோட்டைக் காட்டினாள். எட்டு என்றாள். சுப்பராயலு கோபப்படவில்லை. அவர் ஒருபோதும் கோபப்படுவதில்லை. அதற்கென்று ஆள் வைத்திருந்தார். எழுந்து நின்று பேசினார்.

"நான் கர்வம் புடிச்சவன் இல்ல. எட்டுன்னு நிரூபிச்சா இந்த நிமிஷமே ஒத்துக்குவேன். ஆனா யாரு நிரூபிக்கணும்? என்னைவிடப் பெரியவங்க நிரூபிக்கணும். அப்படி இந்தத் துறையில யாரும் இல்ல. இது என்னோட குத்தமா? இந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு. அவ கண்டதும் சின்னக் கோடு. பெரிய கோடா இருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே! இருந்தாலும் விஞ்ஞானம்னா திறந்த மனசு வேணும். அதனால ஒரு குழு போடுறேன். ஏழுதான்னு அவுங்க திறந்த மனசோட கண்டுபிடிச்சிச் சொல்லட்டும்."

கைதட்டல் எழுந்தது. ஞானசேகரன் தலைமையில் அடிப்படி ஆய்வுக் குழு அங்கேயே அமைந்தது. பெலிசியா தன் கணக்குகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு குழுவுக்காகக் காத்திருந்தாள். குழு அவளிடம் வரவில்லை. குழு டேப், பூதக்கண்ணாடி, வீடியோ எடுக்க ஒரு ஆள் சகிதம் படிக்கட்டுக்குப் போனது. அடிப்படியைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். ஒரு பேராசிரியர் மண்டியிட்டு, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் படியெடுத்தார். இன்னொருவர் வெளிச்சம் சாய்வாக விழும்போதும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மாலைவரை காத்திருந்தார். அறிக்கை மறுவாரம் வந்தது. 'நேரில் பார்வையிட்டதில், அடிப்படி ஏழு என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. கல்லின் தரம் நன்று. மாணவி குறிப்பிடும் எட்டு, அதற்கு அடுத்த படியில் பத்திரமாக உள்ளது.'

பெலிசியாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. "சார், நான் சொன்னது அணுக்கருவுல இருக்கிற படிய."

"அணுக்கருவ நேர்ல போய்ப் பாக்க முடியுமாம்மா?" என்றார் ஞானசேகரன், பொறுமையாக. "குழுன்னா நேர்ல பாக்கணும். நேர்ல பாக்கக் கூடியது இந்தப் படிதான்."

ஆனாலும் அந்த மனிதரிடம் ஈரம் இல்லாமல் இல்லை. ஆய்வேட்டை அப்படியே அனுப்பச் சொன்னார். வெளித் தேர்வாளர்கள் நன்றியுரையைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்பது அவருடைய நீண்ட கால அனுபவம். "நன்றியுரைய மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா எழுது. நாலாவது அத்தியாயம் வரைக்கும் யாரும் வர மாட்டாங்க" என்று தைரியம் சொன்னார்.

கெட்ட காலம், ஆய்வேடு போய்ச் சேர்ந்தது வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் மலர்க்கொடியிடம். அந்த அம்மாள் நான்காவது அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்குகிற ரகம். அவருடைய அறிக்கை வந்தது. எட்டுதான் சரி, தன் மாணவர்களும் வேறொரு சோதனையில் அதையே கண்டிருக்கிறார்கள், அது விரைவில் அச்சாகும். தன் பழைய முடிவைத் தன் மாணவியைக் கொண்டே திருத்திக்கொள்ளும் துணிச்சல் எத்தனை நிலையங்களுக்கு வரும்? வாழ்த்துகள். வாய்மொழித் தேர்வுக்கு நேரில் வருகிறேன். புகழ்பெற்ற படிக்கட்டையும் பார்க்க ஆசை.

நிலையம் அதிர்ந்தது. துணிச்சல் என்ற சொல் அந்தக் கட்டடத்துக்குள் அதற்குமுன் வந்ததில்லை. சுப்பராயலு ஒரு பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். பிறகு கட்டடப் பிரிவின் உதவிப் பொறியாளர் ஸ்ரீதரைக் கூப்பிட்டார். ஸ்ரீதர் குறிஞ்சிப்பாடிக்காரர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர், ஏன் என்று கேட்கிற பழக்கம் கிடையாது. பெலிசியாவையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"நம்ம கண்டுபிடிப்புல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் சுப்பராயலு. "கட்டும்போது கீழ ஒரு படி ஜாஸ்தியா போட்டுட்டாங்க. அதான் கொழப்பத்துக்குக் காரணம். முதல் படி எட்டா இருக்கணும். என்ன செய்யலாம்?"

"ஏழ ஒடச்சி எடுத்துடலாம் சார்" என்றார் ஸ்ரீதர். "இல்லேன்னா தரைய ஒரு சாண் ஒசத்திட்டா ஏழு உள்ள போயிடும். மேல வர்ற மொத படி எட்டு. சுளுவான வேல."

"ஒசத்திடுங்க."

பெலிசியா பதறினாள். "சார், படி போகக் கூடாது சார். பேருதான் மாறணும். ஏழுன்னு இருக்கிற படி எட்டாகணும், எட்டு ஒம்பதாகணும். அப்பதான் கணக்கு சரி. இது, மேல இருக்கிறத அப்புடியே விட்டுட்டு அடிப்படிய இல்லேன்னு ஆக்குற மாதிரி."

சுப்பராயலு அவளைக் கனிவோடு பார்த்தார். "மேல இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் ஒரு மந்திரி திரையை விலக்கித் திறந்து வெச்சிருக்காரும்மா. அதுல உளி படலாமா? ஏழு மட்டும் துணைவேந்தர் ஒருத்தர் திறந்தது. அவரும் இப்ப இல்ல."

ஒரு சனிக்கிழமை கான்கிரீட் போட்டார்கள். குழுவினர் சுற்றி நின்றார்கள். ஏழின் தலை மறைகிற சமயத்தில் ஞானசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெலிசியாவின் கை தன்னை அறியாமல் நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டது. பழக்கதோஷம்தான், ஆனால் உள்ளுக்குள் ஒரு துக்கமும் இருந்தது. பாவம், அந்தப் படி ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பான பெயரைச் சுமந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை புது ஆபத்து முளைத்தது. கீழ்த்தளத்து அறைகளின் கதவுகள் எல்லாம் கூடத்தைப் பார்த்து வெளிப்பக்கமாகத் திறப்பவை. தரை ஒரு சாண் உயர்ந்ததில் ஒரு கதவும் அசையவில்லை. பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. அதில் ஒன்று தேர்வுப் பிரிவு. பெலிசியாவின் வாய்மொழித் தேர்வுக்கான ஆணை அந்த அறைக்குள் இருந்தது.

தேர்வுக் கட்டுப்பாட்டாளர் ரேகா கடமை தவறாத அதிகாரி. பின்பக்கம் ஸ்டூல் போட்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். பெலிசியா ஜன்னலுக்கு வெளியே நின்று ஆணையைக் கேட்டாள்.

"ரெடியா இருக்கும்மா. கையெழுத்து, சீல், எல்லாம் ஆச்சு."

"அப்ப இப்புடி நீட்டுங்க மேடம், வாங்கிக்கிறேன்."

ரேகாவின் முகம் மாறியது. "தேர்வுப் பிரிவிலேருந்து கோப்பு கதவு வழியா வந்தா அது வெளியீடு. ஜன்னல் வழியா வந்தா அது லீக். என்னைய உள்ள தள்ளப் பாக்குறியா?"

"நீங்களே ஜன்னல் வழியாத்தான மேடம் போறீங்க, வர்றீங்க?"

"நான் ரகசியம் இல்லம்மா. கோப்பு ரகசியம்."

ஜன்னலைக் கதவாக அறிவிக்க ஒரு குழு போட்டார்கள். குழு கூடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை கூடிவிட்டது. சாரல் அடித்த தண்ணீர், உயர்ந்த கூடத்திலிருந்து கதவிடுக்கு வழியாக அறைகளுக்குள் தாராளமாக இறங்கியது. ரேகா மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பெலிசியா தினமும் கடலூரிலிருந்து நனைந்துகொண்டே வந்தாள், ஜன்னல் இன்னும் ஜன்னலாகவே இருப்பதைப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டே திரும்பினாள். ஒரு மாலை ஆலப்பாக்கம் தாண்டும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள். தன் ஆறு வருடம் ஒரு சாண் கான்கிரீட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒருவழியாக ஜன்னலுக்கு மாவிலைத் தோரணம் கட்டி, 'கதவு' என்று பலகை மாட்டி, ஆணை வெளியே வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து, டிசம்பரின் கடைசி வேலை நாளுக்குத் தேர்வு.

அன்று ஜெயமேரியும் கூட வந்தாள். வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது விதி. பொதுமக்கள் என்று அவள்தான் வந்திருந்தாள். கையில் ஒரு டின் நிறைய, கிறிஸ்துமஸுக்குச் செய்த கல்கல் பலகாரம். கடைசிப் படியில் அவளைத் தூக்கி ஏற்றியபோது, "எம்மாடி, இங்க தெனமும் இப்புடித்தான் ஏறுறியா?" என்று மகளைக் கேட்டாள். மலர்க்கொடி ஐம்பது வயதுக்காரர், காலில் ஷூ. யார் கையும் இல்லாமல் தாவி ஏறினார். ஏறுமுன் அடிப்படி அருகே கொஞ்ச நேரம் நின்றார்.

"எட்டுலேருந்தா ஆரம்பம்? ஏழுன்னு ஒரு படிய போட்டோல பாத்த ஞாபகம்."

"போட்டோல வெளிச்சம் சரியா விழுந்திருக்காதுங்க மேடம்" என்றார் ஞானசேகரன்.

பெலிசியா முக்கால் மணி நேரம் பேசினாள். சின்னக் கோட்டைக் காட்டினாள், எட்டை நிறுவினாள், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். நன்றாகவே பேசினாள். அதன்பின் சுப்பராயலு எழுந்தார்.

"எட்டுங்கறது இந்த நிலையத்துக்குப் புதுசில்ல. ஆரம்பத்திலேருந்தே நான் எட்டுன்னுதான் சொல்லிக்கிட்டு வர்றேன். சந்தேகம் இருந்தா கீழ போய் முதல் படியப் பாருங்க. கல்லுலயே இருக்கு. நான் சொன்னத இந்தப் பொண்ணு உறுதிப்படுத்தியிருக்கா. வாழ்க."

குழுவினர் தலையாட்டினார்கள். ஞானசேகரனின் தலை மற்றவர்களைவிட அதிகமாக ஆடியது.

மலர்க்கொடி தன் முன்னால் இருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இயக்குநரை மடக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். கத்தி யார் கழுத்தில் விழும் என்பதைக் கவனிக்கவில்லை. "ஆய்வேட்டுல புதுசா ஒரு கண்டுபிடிப்பு இருந்தாத்தான் பட்டம்னு உங்க விதி சொல்லுது. எட்டு ஏற்கெனவே உங்களோடதுன்னா, இதுல புதுசு என்ன சார்? ஒண்ணு, நீங்க முன்னாடி வேற எண் சொல்லியிருக்கணும். இல்ல, இந்தப் பொண்ணுக்குப் பட்டம் கிடையாது. எது?"

சுப்பராயலு கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டார்.

"விதின்னா விதிதான். புதுசு இல்லேன்னா பட்டம் இல்ல. மனசுக்கு வருத்தமாத்தான் இருக்கு."

மலர்க்கொடியின் முகம் வெளுத்தது. ஜெயமேரிக்கு மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது; மடியிலிருந்த டின்னை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெலிசியாவுக்குக் கல்லூரி வேலை, பஸ், மழை, அம்மாவின் கேண்டீன் வருடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. அழுகை வருமென்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம். கோபம் வந்ததும் மூளை தெளிந்தது.

"ஒத்துக்குறேன் சார்" என்றாள். "எட்டு உங்களோடதுதான். அத நான் கண்டுபிடிக்கல."

"நல்ல பொண்ணு" என்றார் சுப்பராயலு.

"நான் கண்டுபிடிச்சது ஏழு."

ஞானசேகரனின் தலை ஆடுவதை நிறுத்தியது.

"இந்த நிலையத்துல ஏழுன்னு ஒரு படி இருக்குங்க சார். இதுக்கு முன்னாடி யாரும் அதப் பத்திச் சொன்னதில்ல. இங்க இருக்கிற எந்தப் பெரியவருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்ப சொல்லியிருப்பாங்களே. அது தரைக்கு ஒரு சாண் கீழ இருக்குது. மேடம் போட்டோல பாத்தது அதத்தான். முழுக்க முழுக்கப் புதுசு. இப்பவே நிரூபிக்கச் சொன்னாலும் நிரூபிக்கிறேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்ரீதர் எழுந்தார். யாரோ தன்னிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டார்கள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். "டிரில்லிங் மிஷின் வண்டியிலதான் இருக்குது மேடம். எடுத்தாரவா? பத்து நிமிஷத்துல ஏழு மேல வந்துடும்."

மலர்க்கொடி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "கள ஆய்வுன்னா எனக்கும் விருப்பம்தான். வாங்க, போய்ப் பாத்துடலாம்" என்று எழுந்தார்.

அதற்குப் பிறகு நடந்த வேகம் அந்த நிலையத்தின் வரலாற்றில் இல்லாதது. தோண்டத் தேவையில்லை என்று ஞானசேகரன் முன்மொழிந்தார். மாணவியின் சொல்லே போதும் என்று இன்னொருவர் வழிமொழிந்தார். ஆய்வேட்டில் புதுமை ஏராளமாக இருப்பதாகக் குழு ஒருமனதாகக் கண்டது. 'என்ன புதுமை என்பதைக் குறிப்பிட அவசியமில்லை' என்று ஒரு திருத்தம் மட்டும் சேர்த்தார்கள். மலர்க்கொடி கையெழுத்துப் போட்டார்.

"பாஸாடி?" என்றாள் ஜெயமேரி.

"பாஸும்மா."

"ஏழா, எட்டா?"

"எட்டும்மா. ஆனா ஏழாலதான் பாஸ்."

ஜெயமேரி அதற்குமேல் கேட்கவில்லை. டின்னைத் திறந்து எல்லோருக்கும் கல்கல் கொடுக்கப் போனாள். அவளைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது.

சுப்பராயலு பொன்னாடையோடு பெலிசியாவிடம் வந்தார். போர்த்துகிற சாக்கில் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "ஏழுதாம்மா அது. நான் அன்னைக்கு ராவும் பகலும் ஒக்காந்து பாத்தது. ஏழாத்தான் இருக்கணும்."

பெலிசியா திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பதவியும் இல்லை, பாசாங்கும் இல்லை. ஒரு பழைய மாணவன்தான் இருந்தான். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு அவர்மேல் மரியாதை வந்தது. இந்தக் கட்டடத்தில் அணுக்கருவைப் பற்றிச் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பது தன்னைத் தவிர இவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"கோட்டக் காட்டட்டுமா சார்?" என்றாள் மெதுவாக. "லேப்லதான் இருக்குது. நீங்களே எண்ணிப் பாருங்க. ஏழுன்னு வந்தா நானே மாத்தி எழுதறேன்."

அவர் லேப் இருந்த பக்கம் பார்த்தார். "பெருசா தெரியுமா? எனக்கு இப்ப கண்ணு சரியா தெரியறதில்ல."

"திரையில பெருசு பண்ணிக் காட்டுறேன். வாங்க சார்."

சுப்பராயலு ஓர் அடி எடுத்து வைத்தார். இன்னும் ஓர் அடி வைத்தார். அதற்குள் இயக்குநர் எங்கேயோ கிளம்புகிறார் என்பதை ஞானசேகரன் பார்த்துவிட்டார். கையிலிருந்த கல்கல்லை வாயில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவர் பின்னால் குழுவினர் வந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேர் டார்ச் லைட்டையும் எடுத்து வந்தார்கள்.

காலடிச் சத்தம் கேட்டதும் சுப்பராயலு நின்றார். முதுகு நிமிர்ந்தது. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எட்டு!" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. "நான் அன்னைக்கே சொன்னேன்."